கொப்புளப் பாசியின் வரலாறு: ஓரினமா, பலவினமா?

பொருள்களுக்குப் பெயரிட்டு அவற்றை வகைப்படுத்துதல் அறிவின் முதற்படி என்பர். பெயரிடுதற்கு முன்னர் ஒன்றினை மற்றொன்றினின்றும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். வேற்றுமையைக் கண்ணாற் காண்டல் எளிது. ஆயின், கண்ட வேற்றுமை பிறப்பினால் வந்ததோ, இருப்பிடத்தினால் வந்ததோ எனத் துணிதல் மிக அரிது. இவ்வருமையைத் தாவரவியலார்க்கு நன்கு உணர்த்திய உயிர்களுள் ஒன்று, கடலோரப் பாறைகளிற் கிடக்கும் ஒரு கபில நிறப் பாசியாகும். அழகிய பூவோ சுவையுள்ள கனியோ இல்லாத இப்பாசியைப் பற்றி அறிஞர் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வந்துள்ளனர். அவ்வழக்கு இன்றும் முற்றாக முடிந்திலது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையும் பாசியும்

வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் இரு புறத்துக் கரைகளிலும், நோர்வே முதற் போர்த்துக்கல் வரையும், கனடா முதல் வட கரோலினா வரையும் இப்பாசி வளர்கின்றது. அதன் தட்டையான உடலிற் காற்று நிறைந்த கொப்புளங்கள் சோடி சோடியாகக் காணப்படும். ஆதலின் சுவீடன் தேயத்து அறிஞராகிய லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் அதற்குப் பியூக்கசு வெசிக்குலோசசு, அஃதாவது கொப்புளங்களையுடைய பியூக்கசு, எனப் பெயரிட்டார். இக்கட்டுரையில் அது கொப்புளப் பாசி என வழங்கப்படும்.

யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் மாறுபடும் அளவு ஒரு மீற்றருக்குங் குறைவாகும். பிரான்சின் வடகரையிலுள்ள சென் மாலோவிலோ அவ்வளவு சில நாள்களில் 12 மீற்றரை எட்டும். இத்தகைய கரைகளில் நாள்தோறும் இருமுறை அகன்றதொரு பாறை நிலம் வெளிப்பட்டு மீண்டும் மறையும். அந்நிலத்திற் பாசிகள் படிப்படியாக ஒழுங்குபட நிற்றலைக் காணலாம். உயர்ந்த படியிற் பெல்வேசியாவும், அதன் கீழ்ப் பியூக்கசு சுபைராலிசும், நடுப்படியிற் கொப்புளப் பாசியும், அதன் கீழ் அரம் போன்ற விளிம்பையுடைய பியூக்கசு செரற்றசும் வளரும். நீர் வற்றியபொழுது வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து கருகியது போலக் கிடக்கும் கொப்புளப் பாசி, நீர் பெருகியதும் மீண்டும் மென்மையுற்று மிதந்து நிற்கும். அதன் உடலிலுள்ள வழுவழுப்பான பொருள் ஈரத்தைக் காக்க உதவுகின்றது.

பாசியின் அடியில் ஒரு வட்டத் தகடு உண்டு. அது பாறையை இறுகப் பற்றுமேயன்றி வேரைப் போல உணவை உறிஞ்சாது. அதிலிருந்து ஒரு குறுங்காம்பும், நடுநரம்பையுடைய பட்டிகை போன்ற உடலும் எழும். நுனியிலுள்ள ஒரு கலம் இடைவிடாது பிரிவதனால் வளர்ச்சி நிகழும். உடல் ஒவ்வொரு முறையும் இரண்டாகக் கவர்பட்டுக் கிளைக்கும். நடுநரம்பின் இருமருங்கும் நிற்கும் கொப்புளங்கள் நீர் பெருகும்போது உடலை ஒளியை நோக்கி உயர்த்தும். முதிர்ந்த கிளைகளின் நுனிகள் பருத்துப் புள்ளிபுள்ளியாகத் தோன்றும். அப்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சிறுகுழியின் வாயிலாகும். இனப்பெருக்கக் கலங்கள் அக்குழிகளிலேயே உண்டாகின்றன.

பச்சையத்தை மறைத்து நிற்கும் பியூக்கோசாந்தின் என்னும் நிறப்பொருளே கபில நிறத்துக்குக் காரணமாகும். நிறத்தில் மட்டுமன்று, பிறப்பிலும் இப்பாசிகள் நிலத்துத் தாவரங்களினின்றும் வேறானவை. மரஞ்செடிகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை என்பதும், நுண்ணுயிர்களாகிய தயாத்தங்களே இவற்றுக்கு உறவினர் என்பதும் இன்று தெளிவாகியுள்ளன.

மேற்கூறிய வருணனை ஓரளவு அமைதியான பாறைக்கரையில் வளரும் பாசிக்கே முற்றும் பொருந்தும். பேரலை மோதும் முனைகளில் அதே பாசி குட்டையாகவும் ஒடுங்கியதாகவும் தோல்போல் உரமுடையதாகவும் வளரும். அங்கே கொப்புளங்கள் அருகும், அல்லது முற்றாக இல்லாதொழியும். காற்றொதுக்கான குடாக்களில் அது நீண்டு கிளைத்துக் கொப்புளங்கள் செறிந்து நிற்கும். உவர்ச் சேற்று நிலங்களிற் பற்றும் தகடே இன்றி, முறுக்குண்ட நாடா போலச் சேற்றிற் கிடக்கும். இன்னும் சில சேற்று நிலங்களில் ஒருசில சதமமீற்றர் உயரமே உள்ள புற்பற்றை போலச் சேற்றிற் பதிந்து நிற்கும். இவ்வடிவங்களை அருகருகே வைத்துக் காட்டின், இவை ஒரே பாசி எனப் பழகாதார் எவரும் ஒப்பார். பெயரிடப் புகுந்த அறிஞர் எதிர்நோக்கிய இடர் இதுவேயாம்.

பெயரிட்ட காலம்

பியூக்கசு என்னும் இலத்தீன் சொல், கடற்பாசியைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அரித்தோத்திலின் மாணாக்கராகிய தியோபிராத்தசு தமது தாவர நூலின் நான்காம் பகுதியிற் கடலில் வளர்வனவற்றைப் பற்றியும் எழுதினார். அவர்க்குப் பின் நெடுங்காலம் கடற்பாசியை ஆராய்வார் அருகினர். உரோமப் புலவர்க்குக் கடற்பாசி பயனற்ற பொருளுக்கு ஓர் உவமையாகவே இருந்தது.

லின்னேயசு செடிகொடிகளைப் பூவின் உறுப்புக்களைக் கொண்டு வகுத்தார். பூவில்லாதவற்றை மறைவான மணமுடையன என்னும் பொருள்பட ஒரு வகுப்பில் ஒருங்கே அடக்கினார். கடற்பாசிகளுட் பெரியன பலவும், கபிலமாயினும் சிவப்பாயினும், அவர் நூலிற் பியூக்கசு என்ற ஒரே சாதியுள் அடங்கின. இனங்களை அவர் பெரும்பாலும் வெளித்தோற்றங்கொண்டே பிரித்தார். கொப்புளம் உண்டா இல்லையா, விளிம்பு நேரா அரம்போன்றதா, உடல் முறுக்குடையதா என்பன போன்ற அடையாளங்களே அக்காலத்து அளவுகோல்கள்.

கடற்பாசிகளுக்கெனத் தனிநூல் முதலிற் செய்தவர் சாமுவேல் கொத்திலீப் குமெலின் என்பார். செருமானியராகிய அவர் உருசியப் பேரரசின் தலைநகரில் இருந்து 1768 இற் பியூக்கசுகளின் வரலாறு என்னும் நூலை வெளியிட்டார். பின்னர்க் காசுப்பியன் கடற்புறத்து நாடுகளை ஆராயச் சென்றவிடத்து அங்குள்ள சிற்றரசன் ஒருவனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1774 இற் சிறையிலேயே உயிர் துறந்தார். அவருக்குப் பின் இங்கிலாந்தில் யார்மத் நகரத்து வங்கியாளரான தோசன் தேணர் 1808 முதல் 1819 வரை நான்கு பெருந்தொகுதிகளில் 258 வண்ணப்படங்களுடன் பியூக்கசுகளை விவரித்தார். அவற்றுட் பல படங்களை வரைந்தவர், பிற்காலத்திற் கியூ பூங்காவின் தலைவராய் விளங்கிய வில்லியம் யாக்சன் ஊக்கர் ஆவார்.

தேணரின் நூல் பொறுமைக்கும் நுணுக்கத்துக்கும் எடுத்துக்காட்டு. எனினும் உலர்ந்த பாசியைத் தாளில் ஒட்டி ஆராயும் முறைக்கு ஒரு குறை உண்டு. அது எந்தப் படியில், எந்த அலையில், எந்தச் சேற்றில் வளர்ந்தது என்பதைத் தாள் சொல்லாது. அயர்லாந்தைச் சார்ந்த மக்காய் என்பவரின் பெயரால் 1808 இல் தேணர் ஒரு பியூக்கசை விவரித்தார். பாறையைப் பற்றாது ஒதுக்குக் குடாக்களிற் பந்து போலத் திரண்டு கிடக்கும் அப்பாசி, நெடுங்காலம் தனியினமாகவே எண்ணப்பட்டது. முடிச்சுப் பாசி எனப்படும் அசுக்கோபில்லத்தின் ஒடிந்த துண்டுகள் கரையொதுங்கி, அமைதியான நீரில் வளர்ந்து அவ்வடிவம் பெறுகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று.

பெயர் பற்றிய கவலை கரையோர மக்களுக்கு இருக்கவில்லை. இசுக்கொத்துலாந்துக்கு வடக்கேயுள்ள ஒக்கினித் தீவுகளில் 1722 முதற் கபிலப் பாசிகளை எரித்துச் சாம்பலாக்கி, கண்ணாடி, சவர்க்காரத் தொழில்களுக்கு விற்று வந்தனர். அத்தகைய சாம்பலை ஆராய்ந்தே 1811 இற் பிரான்சியராகிய குர்த்துவா அயடீனைக் கண்டுபிடித்தார். எரித்த கொப்புளப் பாசியைக் கழுத்துக்கழலைக்கு மருந்தாகக் கொடுத்த பழவழக்கின் காரணம் அதன்பின் விளங்கிற்று. 1820 இற் செனீவா நகர மருத்துவர் குவாந்தே அயடீனையே அந்நோய்க்கு மருந்தாக வழங்கினார்.

மறைந்த மணத்தைத் தேடியோர்

வெளித்தோற்றத்தால் இனத்தைத் துணிய இயலாதெனின் வேறெதனாற் றுணிவது? பிறப்பினால் என்பதே விடை. ஆயின் கடற்பாசி எவ்வாறு பிறக்கின்றது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். பிரான்சியராகிய இறேயோமூர் 1711 இற் பாரிசுக் கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கட்டுரையிற் பியூக்கசுவின் பூக்களையும் விதைகளையும் விவரித்தார். பாசியின் மேற்பரப்பிலே ஆங்காங்கு காணப்படும் மயிர்க்கற்றைகளை அவர் ஆண் பூக்கள் எனக் கொண்டார். நிலத்துச் செடியின் இலக்கணத்தைக் கடலுயிரின்மீது ஏற்றியதனால் வந்த பிழை அது. குமெலின் அதனை மறுத்தார். ஆனால் அவரோ கடற்பாசிகளில் ஆண் பெண் என்னும் பிரிவே இல்லை என மறுபுறம் சென்றுவிட்டார்.

நுணுக்குக்காட்டி திருத்தமுற்ற பின்னரே இவ்வழக்குக்கு வழி பிறந்தது. 1840 களில் தெக்கேன், தூரே என்னும் பிரான்சியர் இருவர் பியூக்கசுவின் குழிகளை ஆராய்ந்தனர். சில பாசிகளின் குழிகளில் நீரில் நீந்தும் நுண்ணிய உடல்கள் எண்ணிறந்தன வெளிவருவதைக் கண்டனர். வேறு சில பாசிகளின் குழிகளிற் பெரிய உருண்டைக் கலங்களே இருந்தன. நீந்துவன விந்துக்கள் எனவும், உருண்டையானவை முட்டைகள் எனவும் ஐயுற இடமிருந்தது. எனினும் ஐயம் வேறு, நிறுவல் வேறு.

நிறுவியவர் குசுத்தாவ் தூரே ஆவார். 1817 இற் பிறந்த அவர் சட்டம் பயின்று, சிறிதுகாலம் கொன்சுதாந்திநோப்பிளிற் பிரான்சியத் தூதரகத்திற் பணியாற்றியவர். பின்னர் அத்துறையை விடுத்துக் கடற்பாசி ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தார். ஆங்கிலக் கால்வாயின் கரையிலுள்ள செர்பூரில் அவர் நடத்திய சோதனைகள் 1854 இல் வெளியாயின.

கொப்புளப் பாசியில் ஆண் வேறு, பெண் வேறு. முதிர்ந்த நுனிகளை வெட்டி ஈரக்காற்றில் வைத்தால், ஆணிலிருந்து செம்மஞ்சட் டுளிகளும், பெண்ணிலிருந்து பசுங்கபிலத் துளிகளும் கசியும். தூரே இவற்றைத் தனித்தனிக் கடல்நீரில் இட்டார். முட்டைகள் மட்டும் இருந்த பாத்திரத்தில் அவை சில நாளில் அழுகின. விந்துக்கள் மட்டும் இருந்த பாத்திரத்தில் அவையும் அழிந்தன. இரண்டையும் கலந்த பாத்திரத்திலோ விந்துக்கள் முட்டையைச் சூழ்ந்து மொய்த்து, அதனைப் பம்பரம் போலச் சுழற்றின. விரைவில் முட்டையைச் சுற்றி ஒரு சுவர் தோன்றியது. பின்னர் அது பிரிந்து இளம்பாசியாக முளைத்தது. பூவில்லாத உயிர்களின் மறைந்த மணம் இவ்வாறு பகலொளிக்கு வந்தது.

இச்சோதனையின் பெருமை இருவகைத்து. முதலாவது, கருக்கட்டல் என்பதனை உடலுக்கு வெளியே, ஒரு துளி நீரில், எவரும் மீண்டும் செய்து பார்க்கக்கூடிய முறையிற் காட்டியது. தலைமயிரின் தடிப்பளவினதாகிய அம்முட்டை அன்று தொட்டு இன்றுவரை கருவியலாரின் ஆய்வுப் பொருளாக இருந்து வருகின்றது. 1898 இற் பாமர், வில்லியம்சு என்போர் ஒடுக்கற்பிரிவு முட்டையும் விந்தும் உண்டாகும் வேளையிலேயே நிகழ்கின்றதெனக் காட்டினர். இவ்வகையிற் பாசியின் வாழ்க்கை விலங்கின் வாழ்க்கையை ஒத்தது. விந்துக்களை ஈர்க்கும் பொருளொன்றை முட்டைகள் நீரில் விடுகின்றன என்பது செரற்றசு இனத்தில் 1973 இல் வேதியியல் முறையால் அறியப்பட்டது. கடல் கொந்தளிக்கும் நாளிற் பாசிகள் இக்கலங்களை வெளிவிடாது காத்திருந்து, நீர் அமைதியான நேரத்திலேயே விடுகின்றன என்பது 1996 இற் புலனாயிற்று.

இரண்டாவது பெருமையே இக்கட்டுரைக்கு மிக உரியது. இனங்களைப் பிரிப்பதற்குத் தோற்றத்தினும் உறுதியான அளவுகோலைத் தூரே கொடுத்தார். கொப்புளமில்லாப் பாசிகளுட் சிலவற்றின் குழிகளில் முட்டையும் விந்தும் ஒருங்கே இருப்பதைக் கண்டு, அவற்றைக் கொப்புளப் பாசியினின்றும் பிரித்து வேறு பெயரிட்டார். இன்று சுபைராலிசு என வழங்கும் இனம் அதுவேயாம். ஆகவே கொப்புளமில்லாத பாசி எதிர்ப்படின், அதன் நுனியை அறுத்துக் குழியை நோக்குதல் வேண்டும். ஒரே குழியில் இருபாலும் இருப்பின் அது சுபைராலிசு. ஒருபாலே இருப்பின் அது பேரலையாற் கொப்புளம் இழந்த கொப்புளப் பாசியாதல் கூடும்.

தாவினும் ஆர்வியும்

தூரே வெவ்வேறு இனங்களின் கலங்களையும் கலந்து பார்த்தார். கொப்புளப் பாசியின் முட்டை செரற்றசுவின் விந்தினாற் கருக்கட்டியது. செரற்றசுவின் முட்டையோ கொப்புளப் பாசியின் விந்தை ஏற்கவில்லை. இருவழியும் ஒத்த பயன் விளையாமை சாள்சு தாவினின் கருத்தைக் கவர்ந்தது. 1859 இல் வெளிவந்த இனங்களின் தோற்றம் என்னும் நூலிற் கலப்புப் பிறப்பைப் பற்றிய அதிகாரத்தில் அவர் தூரேயின் பாசிகளைச் சான்றாகக் குறிப்பிடுகின்றார். இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டுக் கலவாதபடி காக்கப்பட்டனவாயின், ஒருவழி திறந்தும் மறுவழி அடைத்தும் இருப்பதேன் என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். இவ்வாறு கடலோரப் பாசி ஒன்று அந்நூற்றாண்டின் பெருவழக்கிலே சான்று சொல்ல நேர்ந்தது.

அக்காலத்துப் பாசி அறிஞருள் தலைசிறந்தவரான வில்லியம் என்றி ஆர்வியோ தாவினை எளிதில் ஏற்றாரல்லர். அயர்லாந்தில் 1811 இற் பிறந்த ஆர்வியே 1836 இற் கடற்பாசிகளைக் கபிலம், சிவப்பு, பச்சை என நிறத்தால் மூன்று பெரும்பிரிவுகளாக வகுத்தவர். அவர் 1853 இல் அவுத்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இலங்கையில் தங்கிக் கடற்பாசிகளைச் சேகரித்தார். அப்பொழுது பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவைற்றசும் பாசியியலில் வல்லவர். இலங்கைக் கரையிற் பியூக்கசு இல்லை. அது குளிர்கடலுக்கு உரியது. உலகின் பல கடல்களிற் பாசி திரட்டி, உயிர்களின் மாறுபாட்டைப் பிறரினும் மிகுதியாகக் கண்ட ஆர்வியே 1860 இல் தாவினின் கொள்கைக்கு எதிராக எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது. ஒரே காட்சி இருவரை இரு முடிவுகளுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இஃதொரு சான்று.

அலையும் சேறும் செய்த வடிவம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சி மீண்டும் கரைக்குத் திரும்பியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த சேரா மாதா பேக்கர் என்னும் பெண்மணி, பாசிகள் படிப்படியாக நிற்றலின் காரணத்தை ஆராய்ந்து 1909, 1910 ஆம் ஆண்டுகளிற் கட்டுரைகள் வெளியிட்டார். பாசிகளைச் சாடிகளில் வைத்து, வற்றுப்பெருக்கைப் போல நீரை இறைத்தும் நிரப்பியும், வெவ்வேறு நேர அளவுக்கு உலரவிட்டார். மேற்படிப் பாசிகள் நெடுநேர உலர்ச்சியைத் தாங்கின. கீழ்ப்படிப் பாசிகள் தாங்கவில்லை. ஆயின் நீர் மிகுந்தவிடத்துக் கீழ்ப்படிப் பாசிகள் விரைந்து வளர்ந்து மற்றவற்றை வென்றன. ஆகவே மேற்படி வாழ்வு விருப்பினால் வந்ததன்று. கீழே இடமின்மையால் ஏற்பட்ட ஒதுக்கிடம் என்பது தோன்றியது.

பின்னர் அவர் உவர்ச் சேற்று நிலங்களின் கபிலப் பாசிகளை எடுத்துக்கொண்டார். 1912 இல் ஒரு கட்டுரையும், 1916 இற் போலிங் என்பாருடன் சேர்ந்து மற்றொன்றும் வெளிவந்தன. பற்றும் தகடின்மை, குறுகிய உடல், முறுக்கு, இனப்பெருக்க நுனிகள் அருகுதல், துண்டு துண்டாக ஒடிந்து பெருகுதல் ஆகிய இயல்புகள் இந்நிலத்துப் பாசிகள் பலவற்றுக்கும் பொதுவாயிருந்தன. வெவ்வேறு பாசிகள் ஒரே நிலத்தில் ஒரே போக்கில் மாறியமையால் மாற்றத்தின் காரணம் நிலமே என்பது அவர்கள் துணிபு. இத்தகைய இடவழி வடிவத்தை ஈகாட் என்னுஞ் சொல்லால் வழங்கினர். வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாக அமெரிக்கராகிய கிளெமந்து 1905 இல் ஆக்கிய சொல் அது. நிலத்தை முதற்பொருளாகவும், அந்நிலத்துப் புள்ளும் மரமும் பிறவும் கருப்பொருளாகவும் கொண்ட தமிழ் மரபினை அறிந்தோர்க்கு இக்கருத்து அந்நியமன்று. பேக்கர் 1917 இல் முப்பது வயது நிரம்புமுன்னரே இறந்தமை பாசியியலுக்குப் பேரிழப்பாயிற்று.

1946 இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் மற்றொரு பரிசோதனை தொடங்கியது. பாறைகளை மேய்ந்து வாழும் ஒருவகை ஒற்றையோட்டு நத்தைகளை 10 மீற்றர் அகலமான ஒரு கரைத்துண்டிலிருந்து அகற்றினர். அங்கே பியூக்கசுகள் செறிந்து முளைத்தன. அதுகாறும் பாசியின்றி வெறும் பாறையாயிருந்த இடத்துக்கு அலை மட்டும் காரணமன்று. மேயும் நத்தையும் காரணம் என்பது தெரியவந்தது. அவ்வாறு நெருங்கி வளர்ந்த பாசிகளுள் இரு இனங்களுக்கு இடைப்பட்ட தோற்றமுடையனவும் இருந்தன. பரோசு, லொச்சு என்னும் பெண் ஆய்வாளர் இருவரும் 1951 இற் பியூக்கசுவின் இனச்சிக்கலை இவ்வனுபவங்கொண்டு ஆராய்ந்து, கலப்பினங்கள் இயற்கையில் உண்டாவதை வலியுறுத்தினர். ஆகவே தோற்ற வேற்றுமைக்கு நிலம் ஒன்றே காரணம் என்பதும் முழுவுண்மையன்று. பிறப்பும் கலப்பும் நிலமும் ஆகிய மூன்றும் பின்னி நிற்கின்றன.

பிறப்புக் குறிப்பைப் படித்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் கலத்தினுள்ளிருக்கும் பரம்பரைப் பொருளை நேரே படிக்கும் முறைகள் கைவந்தன. பழைய வழக்குகள் பல மீண்டும் விசாரணைக்கு வந்தன. அவற்றுள் இரண்டை இங்கு நோக்கலாம்.

அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேர்த் தீவை 1909 முதல் அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தனர். அவருள் ஒருவரான கொற்றன், சேற்றிற் பதிந்து பற்றையாய் வளரும் மிகச்சிறிய பியூக்கசை 1912 இற் கொப்புளப் பாசியின் ஒரு வகையாக விவரித்தார். பிற்காலத்தார் அதனைத் தனியினமாக உயர்த்தி, 1991 இல் அவர் பெயராலேயே பியூக்கசு கொற்றனி என வழங்கினர். ஆயின் பல கரைகளிலிருந்து திரட்டிய பாசிகளின் பரம்பரைக் குறிப்பை ஆராய்ந்து 2012 இல் வெளிவந்த கட்டுரை, அது ஒரே மரபினதன்று எனக் காட்டியது. வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு மூதாதையரிலிருந்து அவ்வடிவம் தனித்தனியே தோன்றியுள்ளது. ஒத்த தோற்றத்தால் ஒன்றெனப்பட்டவை உண்மையிற் பலவாயின. பேக்கர் சாடியும் கத்தியும் கொண்டு கண்ட பொதுப்போக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் உறுதிபெற்றது.

இரண்டாவது வழக்கு பால்டிக் கடலைப் பற்றியது. ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன் உவர்நீர் புகுந்த அக்கடல் இன்றும் அரையுவராகவே உள்ளது. சமுத்திர நீரில் ஆயிரத்தில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்க, அதன் வடபகுதியில் 5 பங்கு அல்லது அதனினும் குறைவே உண்டு. வற்றுப்பெருக்கும் இல்லையென்றே சொல்லலாம். ஆதலின் அங்கே கொப்புளப் பாசி எந்நாளும் நீரினடியிலேயே வாழ்கின்றது. உப்புக் குறைந்த நீரில் விந்துக்கள் நன்கு நீந்தா. ஒரு முட்டையுட் பல விந்துக்கள் புகுவதைத் தடுக்கும் அமைப்பும் தளரும். பல விந்துக்கள் புகுந்த முட்டை பிழைக்காது. எனவே மணவழிப் பெருக்கம் இடர்ப்படுமிடத்து, ஒடிந்த சிறுகிளைகள் மீண்டும் பாறையைப் பற்றி வளர்தல் ஒரு மாற்று வழியாயிற்று.

இவ்வாறு பெருகும் குறுகிய, மெல்லிய பாசியை 2005 இல் அறிஞர் பியூக்கசு இரடிக்கான்சு எனத் தனியினமாகப் பெயரிட்டனர். அதன் ஒரே பெண் மரபு, தாயுடலின் துண்டுகளாகவே, 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரையிற் பரந்திருப்பது அறியப்பட்டது. 2025 இல் வெளியான விரிவான ஆய்வு இதனை மீண்டும் திருத்தியது. சுவீடன் கரையில் நெடுந்தூரம் பரந்திருக்கும் அம்மரபு தனியினமன்று. பொதுவான கொப்புளப் பாசியின் ஒற்றை மரபே என்பது அதன் முடிவு. லின்னேயசு பிறந்த நாட்டின் கரையிலேயே, அவர் பெயரிட்ட பாசி தன்னை மறைத்து நின்று, பெயரிட்டோரை மீண்டும் ஒருமுறை ஏமாற்றியது.

இஃது ஏட்டளவிலான வழக்கென எண்ணற்க. பால்டிக் கடலிற் பல்லாண்டு வாழும் பெரும்பாசி மிகச் சில. மீன்குஞ்சுகளும் சிறுபிராணிகளும் கொப்புளப் பாசியின் நிழலையே நம்பி வாழ்கின்றன. 1970 களிலும் 1980 களிலும் நிலத்திலிருந்து வழிந்த உரப்பொருள்களால் நீர் கலங்கி, அக்கடலின் பல பகுதிகளில் இப்பாசி பெரிதும் குறைந்தது. தனித்தனி உயிர்கள் பல நிறைந்த தோப்பு என எண்ணப்பட்டது ஒரே உயிரின் துண்டுகளாயின், ஒன்றைத் தாக்கும் கேடு எல்லாவற்றையும் தாக்கும். நீர் வெப்பமுறும் இக்காலத்தில் எதனைக் காத்தல் வேண்டும், எங்கே காத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கூற, அது ஓரினமா பலவினமா என்பது முதலில் தெளிதல் வேண்டும். பெயர் பிழைப்பின் காவலும் பிழைக்கும்.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்துப் பழைய அறிஞர் அறியாமையாற் பிழைத்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. லின்னேயசு கண்ணாற் கண்டதைப் பெயரிட்டார். தூரே பிறப்பைக் கொண்டு அப்பெயரைத் திருத்தினார். பேக்கர் நிலத்தை முன்வைத்தார். மான் தீவில் ஆராய்ந்தோர் கலப்பைச் சேர்த்தனர். பரம்பரைப் பொருளைப் படித்தோர் இவை யாவற்றையும் மீண்டும் எடைபோட்டனர். முன்னோர் ஒட்டிவைத்த பாசித் தாள்களும் வரைந்துவைத்த படங்களும் இல்லாதிருந்தாற் பின்னோர்க்குத் திருத்துதற்கு ஒன்றும் இருந்திராது.

பியூக்கசு நம் கடலில் இல்லையெனினும் அதன் வரிசையைச் சேர்ந்த சர்காசம் நம் கரைகளில் உண்டு. அதுவும் கபில நிறத்தது. அதற்கும் காற்றுக் கொப்புளங்கள் உண்டு. இலை, கொப்புளம் ஆகியவற்றின் உருவங்கொண்டு உலகெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சர்காச இனங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எவை பிறப்பால் வேறானவை, எவை இடத்தால் வேறானவை என்னும் வினா அங்கும் எழுகின்றது. மன்னார்க் கரையிலோ வடமராட்சிக் கரையிலோ ஒரு பாசியை எடுத்து ஒட்டிவைக்கும் மாணவன் அதன் பெயரை மட்டும் எழுதி அமையாது, எடுத்த இடம், நீரின் ஆழம், பாறையா மணலா, அலை மிகுந்ததா ஒதுக்கிடமா, எந்த மாதம் என்பவற்றையும் அத்தாளிற் குறித்து வைத்தல் வேண்டும். பெயர் பிற்காலத்தில் மாறக்கூடும். அக்குறிப்புக்களோ பின்வரும் ஆராய்ச்சியாளனுக்கு என்றும் பயன்படும்.